உடல் எடையும் இளம் வயதினரின் மனநலமும்

உடல் எடையும் மனநலமும் ஒன்றையொன்று பாதிக்கும் தன்மை கொண்டவை. கல்வி, வேலை, திருமணம் ஆகியவற்றை ஒட்டி ஒருவரது தோற்றம் பிறரால் அதிகம் மதிப்பிடப்படும் காலம் இளம் வயது ஆகும். மிகை எடை, குறை எடை, தன் எடையைப் பற்றிய தவறான எண்ணம் ஆகிய மூன்றும் இவ்வயதினரின் மனநலத்தைப் பாதிக்கக்கூடும்.

எடையை அளவிடுதல்

கிலோகிராமில் அளந்த எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியெண் ஆகும். பெல்ஜிய அறிஞர் அடால்ஃப் கெட்லே 1832 இல் முன்வைத்த இவ்விகிதத்துக்கு, அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீசு 1972 இல் இப்பெயரை இட்டார்.

எடுத்துக்காட்டாக, 1.60 மீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ளவரின் குறியெண் 23.4 ஆகும். உலக நலவாழ்வு அமைப்பின் பொது அளவுகோலின்படி (18.5 – 24.9) இது இயல்பான எடை. இந்தியர்களுக்கென 2009 இல் வெளியான மருத்துவ வழிகாட்டுதலின்படி 23 ஐத் தாண்டினால் மிகை எடை. 25 ஐ எட்டினால் உடற் பருமன். ஒரே குறியெண்ணில் இந்தியர்களுக்குக் கொழுப்பின் அளவு கூடுதலாக இருப்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். எனவே இவ்வெண் ஒரு குறிப்பு மட்டுமே. இடுப்புச் சுற்றளவு போன்றவற்றையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

தமிழ்நாட்டில்

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 – 49 வயதுப் பெண்களில் குறியெண் 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களின் பங்கு 2015-16 இல் 30.9 விழுக்காடாக இருந்து, 2019-21 இல் 40.4 விழுக்காடாக உயர்ந்தது. ஆண்களில் இது 28.2 இலிருந்து 37.0 ஆக உயர்ந்தது.

எடைக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு

பதினைந்து நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து 2010 இல் வெளியான பகுப்பாய்வு, இத்தொடர்பு இருவழிப்பட்டது எனக் காட்டியது. உடற் பருமன் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு ஏற்படும் வாய்ப்பு 55 விழுக்காடும், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு உடற் பருமன் ஏற்படும் வாய்ப்பு 58 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. கேலிக்கு அஞ்சி விளையாட்டையும் வெளியே செல்வதையும் தவிர்த்தல், உறக்கக் குறைவு, மன வருத்தத்தில் அதிகம் உண்ணல் ஆகியவை இதற்கான வழிகளுள் சில. பெண்களில் சூலகப் பலநீர்க்கட்டி நோய்க்குறி எடையையும் மனநிலையையும் ஒருங்கே பாதிக்கலாம். ஒலான்சபின் போன்ற சில மனநல மருந்துகளும் எடையைக் கூட்டும். ஆயினும் மருத்துவரைக் கேளாமல் அவற்றை நிறுத்துதல் ஆபத்தானது.

பட்டினியும் மனத்தைப் பாதிக்கிறது. 1944-45 இல் மின்னசோட்டாவில் கீசு நடத்திய ஆய்வில், உடல்நலமுள்ள 36 இளைஞர்கள் 24 வாரங்கள் அரைப் பட்டினியாக வைக்கப்பட்டனர். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்த அவர்களிடம் எரிச்சல், சோர்வு, எந்நேரமும் உணவைப் பற்றிய நினைப்பு ஆகியவை தோன்றின.

உடல் தோற்றம் பற்றிய எண்ணம்

பருத்த உடலை நலத்தின் அடையாளமாகக் கருதிய பிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995 இல் தொலைக்காட்சி வந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அங்குள்ள பள்ளி மாணவியரிடம் எடை குறைப்பதற்காக வாந்தி எடுக்கும் பழக்கம் காணப்பட்டதாக மானிடவியலாளர் ஆன் பெக்கர் பதிவு செய்தார். இத்தகைய பழக்கம் பசியற்ற உளநோய், பெரும்பசி நோய் ஆகியவற்றின் அறிகுறியாக இருக்கலாம். எடை இயல்பாக உள்ளவர்களுக்கும் பெரும்பசி நோய் இருக்கக்கூடும் என்பதால், வீட்டார் இதனை எளிதில் அறிவதில்லை.

உதவி பெறுதல்

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வு, உணவைத் தவிர்த்தல், உண்டபின் வாந்தி எடுத்தல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவை இருப்பின் மருத்துவரை அணுகுதல் வேண்டும். இந்திய அரசு 2022 இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஓடைப்பட்டி, சின்னமனூர், கம்பம் பகுதியினர் கானாவிலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

இவற்றையும் பார்க்க

* உடற் பருமன்
* உடல் நிறை குறியெண்
* மனச்சோர்வு
* பசியற்ற உளநோய்