நீண்ட கண்களுடையவர்களின் மலை

நூம்பலில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து தெரியும் விண்மீன்களை, மேகமற்ற மார்கழி இரவிலும்கூடச் சிறிது நேரத்தில் எண்ணி முடித்துவிடலாம். நகரத்தின் வெளிச்சம் வானத்தின் அடிப்பாகத்தைச் சாம்பல் நிறமாக்கி வைத்திருக்கிறது. அங்கே நின்றுகொண்டு ஒரு பாலைவனத்து மலையில் எரிந்த நெருப்பைப் பற்றி யோசிப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் வானாய்வகங்களின் வரலாற்றில் தீயும் விளக்கொளியும் அவ்வளவு தொலைவில் இல்லை.

அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில், டூசான் நகருக்குத் தென்மேற்கே இருக்கிறது கிட் பீக். உயரம் ஏறத்தாழ 2,100 மீட்டர். கீழே கள்ளிகள் நிற்கும் பாலை, மேலே ஓக்கும் பைனும். பாலைக்கடலில் மிதக்கும் தீவு போன்ற இத்தகைய மலைகளில் காற்று தெளிந்து நிற்கும். வானாய்வாளர்கள் தேடுவது அதைத்தான். ஆனால் அந்த மரங்களும் புதர்களும் கோடையில் விறகாகக் காய்ந்து கிடக்கும்.

மலை டொஹோனோ ஓதாம் என்னும் தொல்குடியினருக்கு உரியது, அவர்களுக்குப் புனிதமானதும்கூட. 1950களில் இடம் தேடி வந்த வானாய்வாளர்களிடம் அவர்களுக்குத் தயக்கம் இருந்தது. பெரியவர்களைப் பல்கலைக்கழகத் தொலைநோக்கிக்கு அழைத்துச் சென்று வானைக் காட்டிய பிறகே பேச்சு கனிந்தது என்பார்கள். வந்தவர்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'நீண்ட கண்களுடையவர்கள்'. 1958இல் குத்தகை கையெழுத்தானது. உறவு எப்போதும் சுமுகமாக இருந்ததென்று சொல்ல முடியாது. 2005இல் மலையில் புதிதாக நிறுவப்படவிருந்த காமா கதிர்த் தொலைநோக்கித் தொகுதியை எதிர்த்து அம்மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். அது பின்னர் வேறிடத்துக்குப் போயிற்று.

2022 ஜூன் 11ஆம் தேதி, தெற்கே பாபோகிவாரி மலைத்தொடரில் மின்னல் ஒன்று விழுந்தது. அரிஸோனாவிலும் பருவமழை உண்டு. மழைக்கு முன்னால் வெறும் மின்னல் வரும் சில வாரங்களே அங்கே மிகவும் ஆபத்தானவை. கோண்ட்ரேராஸ் தீ என்று பெயர் பெற்ற அந்த நெருப்பு வடக்கு நோக்கி முகடு முகடாக ஏறி வந்தது. ஊழியர்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். தீயணைப்பு வீரர்கள் கட்டடங்களைச் சுற்றிப் புதர்களை வெட்டினார்கள். 17ஆம் தேதி அதிகாலை தீ உச்சியைத் தொட்டது.

விடிந்தபோது, தங்கும் விடுதி உட்பட நான்கு கட்டடங்கள் சாம்பலாகியிருந்தன. தொலைநோக்கிகள் அனைத்தும் நின்றன. நான்கு மீட்டர் ஆடி கொண்ட மேயால் தொலைநோக்கியும் அதில் பொருத்தப்பட்டிருந்த, 5,000 ஒளியிழைகளால் தொலைதூரப் பால்வெளிகளின் ஒளியை அளக்கும் கருவியும் தப்பின. மொத்தம் எரிந்தது சுமார் 29,000 ஏக்கர்.

இதை அதிர்ஷ்டம் என்று கடந்துவிடக் கூடாது. சுடர் தொடாமலே ஒரு தொலைநோக்கியைக் கெடுக்க முடியும்: காரத்தன்மை கொண்ட சாம்பல் ஆடியில் படிந்து ஈரம் பட்டால், அதன் மெல்லிய அலுமினியப் பூச்சு அரிபட்டுவிடும். காற்றில் பறந்து வரும் தணல் ஒரு சிறு இடுக்கில் விழுந்தாலும் போதும். எனவே குவிமாடங்களை இறுக மூடுவதும், சுற்றிலும் தரையை வெறுமையாக்குவதும், மனிதர்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதும்தான் காப்பு. இந்தப் பாடத்தை உலகம் ஆஸ்திரேலியாவில் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2003 ஜனவரி 18 அன்று கான்பெராவை நோக்கி வந்த தீ மவுண்ட் ஸ்ட்ரோம்லோ வானாய்வகத்தை விழுங்கியது. ஐந்து தொலைநோக்கிகளும் பட்டறையும், வேறொரு தேசத்துத் தொலைநோக்கிக்காகச் செய்து முடிக்கும் நிலையில் இருந்த கருவியும் போயின. பத்தாண்டு கழித்து, 2013 ஜனவரியில் சைடிங் ஸ்பிரிங் மலையை அதே போன்ற தீ சூழ்ந்தபோது விடுதியும் சில வீடுகளும் எரிந்தன; தொலைநோக்கிகள் பிழைத்தன. இடைப்பட்ட காலத்தில் செய்த ஏற்பாடுகள் வீண்போகவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தமாக நடத்திய வானாய்வகம், 1792இல் நுங்கம்பாக்கத்தில் அரசுக் கட்டடமாயிற்று. கருவியைத் தாங்க நட்ட கருங்கல் தூணில் தமிழிலும் தெலுங்கிலும்கூட வாசகம் பொறித்தார்கள். அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அந்த வானாய்வகத்தைத் தீ எரிக்கவில்லை. சமவெளியின் மேகமும் புழுக்கமும் அதற்கு ஒத்துவரவில்லை. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பிருக்குமோ என்ற கேள்வி வலுத்தபோது, உயரமான மலை ஒன்று தேவைப்பட்டது. 1899இல் வானியல் பணி கொடைக்கானலுக்கு ஏறிச் சென்றது. அங்கே 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். நூறாண்டுக்கும் மேலாக அங்கே எடுக்கப்பட்ட சூரியப் படங்களின் கண்ணாடித் தட்டுகள் இன்று எண்வடிவிலும் பதிவு செய்யப்பட்டிருக்கின்றன. நுங்கம்பாக்கத்தில், வானிலை மைய வளாகத்தில், தூண் மட்டும் எஞ்சியிருக்கிறது.

ஆகவே ஒரு வானாய்வகம் பிழைத்தது என்றால் எது பிழைத்தது என்று கேட்க வேண்டும். கட்டடம் ஒன்று, கருவி ஒன்று, பதிவு இன்னொன்று. இவை மூன்றுக்கும் அடியில் இருள் என்ற ஒன்று இருக்கிறது. கிட் பீக்கில் இரவும் பகலும் நின்று கருவிகளைக் காத்தார்கள். சில மாதங்களில், 2022 செப்டம்பரில், மேயால் தொலைநோக்கி மீண்டும் வானைப் பார்த்தது. ஆனால் டூசான் நகரத்தின் விளக்குகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இல்லாமற் போனால், எந்தத் தீயணைப்புப் படையும் அந்த மலையைக் காப்பாற்றியிருக்காது. அங்கே 1970களிலிருந்தே அப்படியொரு சட்டம் உண்டு. தீ வரும்போது ஓடி வருகிறோம். வெளிச்சம் வரும்போது வரவேற்கிறோம்.

நேற்றிரவும் மாடிக்குப் போனேன். தெருவிளக்குக்குக் கையால் மறைப்புக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றபின், கார்த்திகை மீன் கூட்டம் ஒரு மங்கலான கறையாகத் தெரிந்தது. ஒரு காலத்தில் இதே நிலத்திலிருந்து அந்தக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணியிருப்பார்கள். அவர்களுக்கு நீண்ட கண்கள் தேவைப்பட்டிருக்காது, இருள் போதுமாயிருந்தது.