சிலேபியும் சிலாபியும்

கசார்வாடியை ஒட்டி ஓடும் பவனா ஆற்றின் நீர், முளா-முட்டா வழியே பீமாவில் கலந்து உஜனி நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. அங்கே மீனவர் வலையில் மிகுதியாக அகப்படும் மீனை மராத்தியர் ‘சிலாபி’ என்பர். தமிழில் அது ‘சிலேபி’, ‘ஜிலேபிக் கெண்டை’. இனிப்புப் பண்டத்தோடு இதற்கு உறவில்லை. 1840இல் ஆண்ட்ரூ ஸ்மித் சூட்டிய ‘திலாப்பியா’ என்னும் பேரினப் பெயரின் திரிபே இது. அதன் வேர், மீனைக் குறிக்கும் தென்னாப்பிரிக்கச் சுவானா மொழிச் சொல் என்பர்.

மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1959இலேயே அதனைப் பரப்புவதற்குத் தடை வந்தும் பயனில்லை. கட்லாவும் ரோகுவும் முட்டையிடப் பருவமழையின் புதுவெள்ளம் வேண்டும். சிலேபியோ தேங்கிய நீரிலேயே ஆண்டில் பலமுறை முட்டையிடும். தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். அணைகள் ஆறுகளைத் தேக்கியபோது அதற்கு ஏற்ற வாழிடம் தானே அமைந்தது.

உயிரியல் வகைப்பாட்டில் சிலேபி கெண்டையன்று. கேரளத்தின் கரிமீனுக்கே நெருங்கிய உறவு. ஆயினும் ‘கெண்டை’ என்னும் ஒட்டு, அயல்மீனை நம் நினைவில் சொந்த மீனாக்கிவிட்டது. சந்தையில் ‘கெண்டை’ குறையாதிருக்கும்வரை, ஆற்றில் உண்மையான கெண்டைகள் குறைவதை யாரும் உணரார். நீர்நிலைகளின் வரலாற்றை எழுதுவோர் மீன்பெயர்களையும் ஆவணமாகப் படிக்க வேண்டும் என்பது இதனாலேயே.