இடுப்புல ‘டொக்’ சத்தமா? சத்தத்தை விடுங்க... நடையைக் கவனிங்க!

பைக்கிலிருந்து காலைச் சுழற்றி இறங்குகிறீர்கள். இடுப்போரம் ‘டொக்’னு ஒரு சத்தம். மாடிப்படி ஏறினால் மறுபடியும் ‘டொக்’. ஜிம்மில் காலைத் தூக்கி இறக்கினால், பக்கத்தில் நிற்கும் நண்பருக்கே கேட்கிறது. “டேய், மூட்டு நழுவுதுடா”னு அவர் கிளப்பிவிட, அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மூட்டு நழுவுவதில்லை. இதற்கு ‘ஸ்னாப்பிங் ஹிப்’ என்று பெயர். நூற்றில் 5 முதல் 10 பேருக்கு இது இருக்கலாம் என்பது மருத்துவ உலகில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பலருக்கு வலியே இருக்காது. சத்தம் மட்டும்தான் என்றால் சிகிச்சையும் தேவையில்லை.

ஆனால், சத்தத்தோடு வலியும் சேர்ந்துவிட்டால் கதை வேறு. அப்போது கவனிக்க வேண்டியது சத்தத்தை அல்ல, உங்கள் நடையை. ஏனென்றால், வலியைத் தவிர்ப்பதற்காக உடம்பு உங்களைக் கேட்காமலேயே நடையை மாற்றிவிடும்.

முதலில், ‘இடுப்பு’ன்னா எது?

நம்ம ஊரில் ‘இடுப்பு வலி’ என்றால் பாதிப் பேர் கீழ் முதுகைக் காட்டுவோம். சிலர் பெல்ட் போடும் இடத்தைக் காட்டுவார்கள். இங்கே நாம் பேசுவது இடுப்பு மூட்டைப் பற்றி. தொடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் பந்து, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் உட்காரும் இடம் அது. அந்த மூட்டில் பிரச்னை என்றால் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடை இடுக்கில் தெரியும். டாக்டரிடம் போகும்போது ‘இடுப்பு வலி’ என்று மட்டும் சொல்லாமல், விரலை வைத்து இடத்தைக் காட்டுங்கள். பாதி குழப்பம் தீரும்.

சத்தம் எங்கிருந்து வருது?

விரலை நெட்டி முறிக்கும்போது வரும் சத்தம், மூட்டுத் திரவத்தில் உருவாகும் வாயுக் குமிழால் வருவது. ஸ்னாப்பிங் ஹிப்பில் வருவது அது அல்ல. இது மூன்று வகை.

1. வெளிப்பக்கம்: தொடையின் வெளிப்புறமாக இடுப்பிலிருந்து முழங்கால் வரை இறங்கும் கெட்டியான நார்ப்பட்டைக்கு ‘ஐ.டி. பேண்ட்’ என்று பெயர். கையைத் தொங்கவிட்டு இடுப்போரம் தடவினால், தொடை எலும்பின் மேடு ஒன்று தட்டுப்படும். கால் நேராக இருக்கும்போது இந்தப் பட்டை அந்த மேட்டுக்குப் பின்னால் இருக்கும். காலை மடக்கினால் மேட்டைத் தாண்டி முன்னால் வரும். வழுக்கிக்கொண்டு போக வேண்டிய பட்டை, மேட்டில் மாட்டித் தாவினால் ‘டொக்’. ‘மூட்டே நழுவுது’ என்று பலர் நினைப்பது இந்த வகையைத்தான்.

2. முன்பக்கம்: முதுகெலும்பிலிருந்தும் இடுப்பெலும்பிலிருந்தும் இறங்கி, தொடையை மேலே தூக்கும் தசை ‘இலியோசோவாஸ்’. மடக்கி அகட்டிய காலை நேராக நீட்டும்போது, இதன் தசைநாண் தடக்கென்று இடம் மாறும். பாலே நடனக் கலைஞர்களிடம் இது ரொம்பவே சகஜம். பரதத்தில் அரைமண்டியில் உட்கார்ந்து, காலை உயர்த்தி நீட்டி ஆடுபவர்களும் கவனிக்க வேண்டிய வகை இது.

3. மூட்டுக்குள்: கிண்ணத்தின் விளிம்பில் இருக்கும் ‘லேப்ரம்’ என்ற ரப்பர் வளையம் போன்ற பகுதி கிழிந்திருக்கலாம். குருத்தெலும்புத் துண்டு உள்ளே மிதக்கலாம். சத்தத்தோடு மூட்டு மாட்டிக்கொள்வது, பூட்டிக்கொள்வது போல இருந்தால் இந்த வகையைச் சந்தேகிக்க வேண்டும்.

டாக்டர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. வெளிப்பக்க ஸ்னாப்பிங்கை அறையின் மறுமூலையிலிருந்து ‘பார்க்கலாம்’, முன்பக்க ஸ்னாப்பிங்கை அறையின் மறுமூலையிலிருந்து ‘கேட்கலாம்’!

ஓர் அடி வைக்கும்போது உள்ளே என்ன நடக்குது?

வலது குதிகால் தரையைத் தொடுவதில் தொடங்கி, அதே குதிகால் மறுபடியும் தொடும் வரை ஒரு சுற்று. சாதாரண வேகத்தில் இதற்குச் சுமார் ஒரு விநாடிதான் ஆகும். அதில் ஏறக்குறைய 60 சதவிகித நேரம் அந்தக் கால் தரையில் இருக்கும், 40 சதவிகித நேரம் காற்றில்.

இடது கால் காற்றில் இருக்கும்போது, மொத்த உடம்பும் வலது காலில் நிற்கிறது. அப்போது இடுப்பெலும்பு இடது பக்கமாகச் சரியப் பார்க்கும். அதைச் சரியவிடாமல் பிடிப்பது வலது இடுப்போரம் இருக்கும் ‘குளூட்டியஸ் மீடியஸ்’, ‘குளூட்டியஸ் மினிமஸ்’ தசைகள். அவை இழுக்கும் வேகமும் உடல் எடையும் சேர்ந்து, ஒவ்வோர் அடியிலும் இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போலச் சுமார் இரண்டரை மடங்கு சுமை இறங்குகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 கிலோ. சும்மா பால் வாங்க நடந்து போவதற்கே இவ்வளவு!

அந்தக் கால் பின்னால் போய், தரையை விட்டுக் கிளம்பும் நொடியில் இன்னொரு முக்கியமான வேலை நடக்கும். முன்பக்கத்து இலியோசோவாஸ் நன்றாக நீண்டு, பிறகு சுருங்கி, காலை முன்னால் இழுக்கும். முன்பக்க வலி உள்ளவர்களுக்கு ‘சுருக்’ என்று பிடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வலி வந்தால் நடை எப்படி மாறும்?

சமதளத்தில் நடக்கும்போது இடுப்பு அதிகம் மடங்குவதில்லை. அதனால் பலருக்கு அப்போது சத்தமே வராது. படி ஏறும்போது, ஓடும்போது, தாழ்வான சோபாவிலிருந்து எழும்போதுதான் வரும். ஆனாலும் வலி வந்துவிட்டால், சமதள நடையிலும் சின்னச் சின்ன ‘அட்ஜஸ்ட்மென்ட்’ ஆரம்பித்துவிடும்.

* வலிக்கும் காலில் நிற்கும் நேரம் குறையும். காலடிச் சத்தத்தைக் கேட்டாலே தெரியும். ‘டக்... டக்...’ என்று சீராக வராமல், ஒன்று நீண்டும் ஒன்று குறைந்தும் வரும்.

* அடியின் நீளம் குறையும். கால் முழுமையாகப் பின்னால் போனால் முன்பக்கம் இழுபடும் என்பதால், அதற்கு முன்பே காலை எடுத்துவிடுவோம்.

* உடம்பு வலிக்கும் காலின் பக்கமாகச் சாயும். அப்படிச் சாய்ந்தால் இடுப்போரத் தசைக்கு வேலை குறையும் என்று உடம்புக்குத் தெரியும்.

* தசைக்குப் பலம் குறைந்திருந்தால், எதிர்ப்பக்க இடுப்பு கீழே இறங்கும். ஜெர்மனி அறுவை சிகிச்சை நிபுணர் ஃபிரெடரிக் ட்ரெண்டலென்பர்க் 1895-ல் விவரித்த இந்த அடையாளத்தை, இன்றைக்கும் டாக்டர்கள் ஒற்றைக்காலில் நிற்கவைத்துப் பார்க்கிறார்கள்.

இந்த மாற்றங்கள் இரண்டு நாளைக்கு நல்லது. இரண்டு மாதம் தொடர்ந்தால்? வேலை குறைந்த தசை மேலும் பலவீனமாகும். பாரம் கீழ் முதுகுக்கும் முழங்காலுக்கும் போகும். பிறகு, ‘முதுகு வலிக்கு எதுக்கு சார் இடுப்பைப் பார்க்கிறீங்க?’ என்று கேட்கும் நிலை வரும்.

தசையின் பேச்சைக் கேட்கும் கருவி

நடையை ஆராயும் லேப்களில் உடம்பில் ஒளியைப் பிரதிபலிக்கும் சின்னப் பொட்டுகளை ஒட்டி, கேமராக்களால் படம் பிடிப்பார்கள். தரையில் பதித்த பலகை காலின் அழுத்தத்தை அளக்கும். தசைமேல் ஒட்டிய மின்முனைகள், தசை எப்போது, எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்பதைக் காட்டும். இந்தச் சோதனைக்கு ‘இ.எம்.ஜி.’ என்று பெயர்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சிக்னல் அதிகம் வந்தால் அந்தத் தசை பலமானது என்று அர்த்தம் இல்லை. பலம் குறைந்த தசைதான், அதே வேலைக்கு அதிகமாகத் திணறி அதிக சிக்னலைக் கொடுக்கலாம். இலியோசோவாஸ் ரொம்ப ஆழத்தில் இருப்பதால், தோலில் ஒட்டும் மின்முனைக்குச் சரியாகப் பிடிபடாது.

பலத்தைத் தனியாக அளக்கவும் செய்கிறார்கள். டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், வெளிப்பக்க ஸ்னாப்பிங்கும் வலியும் உள்ளவர்களுக்கு, காலைப் பக்கவாட்டில் விரிக்கும் தசைகளின் ‘நீண்டுகொண்டே தாங்கும்’ பலம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. பலவீனத்தால் வலி வந்ததா, வலியால் பலவீனம் வந்ததா என்பதை இப்படி ஒருமுறை அளப்பதால் மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் எதில் கைவைக்க வேண்டும் என்பது தெரிகிறது: இடுப்போரத் தசையில்!

மொபைலை எடுங்க... டெஸ்ட் பண்ணுங்க!

லேப் இல்லாவிட்டால் என்ன, மொபைல் இருக்கிறதே. ஷார்ட்ஸ் போட்டு, டி-ஷர்ட்டை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். நண்பரை இடுப்பு உயரத்தில் மொபைலைப் பிடிக்கச் சொல்லுங்கள். வெறுங்காலில், இயல்பாக 10 அடி நடங்கள். பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு வீடியோ போதும். ஸ்லோ மோஷனில் இந்த நான்கையும் பாருங்கள்.

1. ஷார்ட்ஸின் இடுப்புப் பட்டை, ஒரு காலில் நிற்கும்போது மட்டும் அதிகம் சரிகிறதா?
2. தோள் ஒரு பக்கம் மட்டும் சாய்கிறதா?
3. இரண்டு அடிகளும் ஒரே நீளமா?
4. ஒரு பாதம் மட்டும் வெளிப்பக்கம் பார்க்கிறதா?

சின்ன வித்தியாசம் எல்லோருக்கும் இருக்கும். வலிக்கும் பக்கமும் வித்தியாசம் தெரியும் பக்கமும் ஒத்துப்போனால், அந்த வீடியோவை பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.

இன்னொரு விஷயம். சின்ன வயதில் பிட்டத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டவர்களில் சிலருக்கு, அங்கிருக்கும் தசை நார் போல இறுகிவிடுவதுண்டு. முழங்கால்களைச் சேர்த்துக் குந்த முடியாது, பாதம் வெளிப்பக்கம் திரும்பிய நடை, கூடவே ‘டொக்’ சத்தம். இந்த மூன்றும் இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

என்ன செய்யணும்? என்ன செய்யக் கூடாது?

* ‘இங்க பாரு, எப்படிச் சத்தம் வருது’ என்று நண்பர்களுக்குச் செய்து காட்டாதீர்கள். ஒவ்வொரு ‘டொக்’கும் அங்கே ஓர் உரசல்.

* இது சுளுக்கு அல்ல. யாரிடமும் காலைக் கொடுத்து இழுக்கச் சொல்லாதீர்கள்.

* வலிக்கும் எலும்பு மேட்டின்மேல் நேராக ஃபோம் ரோலரை உருட்டாதீர்கள். ஐ.டி. பேண்ட் தசை அல்ல, உருட்டி நீட்டிவிட முடியாத கெட்டியான நார். அடியில் இருக்கும் மெத்தை போன்ற திரவப்பை வீங்கியிருந்தால் வலிதான் கூடும்.

* மொத்தமாகப் படுத்துவிடவும் வேண்டாம். சத்தத்தைக் கிளப்பும் அசைவை மட்டும் சில வாரங்களுக்குக் குறையுங்கள்.

* ஓடுபவர்கள், அதே வேகத்தில் அடியைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 சதவிகிதம் கூட்டிப் பாருங்கள். இடுப்புக்குச் சுமை குறையும்.

நான்கு எளிய பயிற்சிகள்

பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குதல்: கால் உடம்புக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். இறக்கும்போது மூன்று எண்ணி மெதுவாக இறக்குங்கள். பலன் அங்கேதான்.

பிரிட்ஜ்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பிட்டத்தை உயர்த்தி ஐந்து விநாடி பிடியுங்கள்.

ஒற்றைக்கால் நிற்றல்: கண்ணாடி முன் 20 விநாடி. இடுப்பு சரியக் கூடாது.

படிக்கட்டுப் பயிற்சி: படியின் ஓரத்தில் ஒரு காலில் நின்று, தொங்கும் காலின் பக்க இடுப்பை மெதுவாக இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். பக்கத்தில் கைப்பிடி இருக்கட்டும்.

ஒருநாள் விட்டு ஒருநாள், ஒவ்வொன்றும் 10 முறை, இரண்டு செட். வலிக்கு 10-க்கு 3 மார்க் வரை பரவாயில்லை, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். கூடினால் குறையுங்கள். தசை பலப்பட 6 முதல் 12 வாரங்கள் ஆகும். ஒரு வாரத்தில் ‘வேஸ்ட்’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

இதில் அடங்காவிட்டால், கால் அசையும்போதே பார்க்கும் அல்ட்ராசவுண்டு, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. என்று டாக்டர் காரணத்தைத் தேடுவார். ஊசி அதற்கடுத்த கட்டம். இறுகிய பட்டையைத் தளர்த்தும் அறுவை சிகிச்சை கடைசிக் கட்டம். பெரும்பாலானவர்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்காது.

இதெல்லாம் இருந்தால் தள்ளிப்போடாதீங்க

* விழுந்த பிறகோ விபத்துக்குப் பிறகோ காலை ஊன்ற முடியவில்லை.
* மூட்டு பூட்டிக்கொள்கிறது, அல்லது நடக்கும்போது திடீரென்று கால் விட்டுவிடுகிறது.
* ராத்திரியில் எழுப்பும் வலி, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு.
* டீன் ஏஜ் பிள்ளைகள் காரணம் தெரியாமல் நொண்டுகிறார்கள். முழங்கால் வலி என்று சொன்னாலும் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.
* தொடை இடுக்கில் விடாத வலி. குறிப்பாக, நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்கள், அதிகம் மது குடிப்பவர்களுக்கு, மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டம் குறையும் ‘ஏ.வி.என்.’ பிரச்னை இளம் வயதிலேயே வரலாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால்தான் மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். இதை ‘சும்மா சத்தம்தான்’ என்று விட்டுவிடக் கூடாது.

சத்தம் மட்டும் என்றால் சிரித்துக்கொண்டே கடந்துபோங்கள். வலியும் வந்துவிட்டதா, இன்றைக்கு மாலையே ஒரு நிமிட வீடியோ எடுத்துப் பாருங்கள். நீங்கள் நொண்டுவது உங்களுக்கு முன்பே அடுத்தவருக்குத் தெரிந்திருக்கும். அதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிட்டால், சரிசெய்வது சுலபம்!