ஸ்லாப், ஸ்லோப் ஒதுக்கிகளின் நீக்கம் (லினக்ஸ்)

லினக்ஸ் கெர்னலில் ஒரே பணிக்கென இருந்த மூன்று நினைவக ஒதுக்கிகளில் ஸ்லோப், ஸ்லாப் ஆகிய இரண்டும் 2023, 2024 ஆண்டுகளில் நீக்கப்பட்டன. ஸ்லப் மட்டும் நிலைத்தது. இப்பணியை முன்னின்று நடத்தியவர் விளாஸ்டிமில் பாப்கா.

பின்னணி

கெர்னல் நினைவகத்தைப் பக்கங்களாக நிர்வகிக்கிறது. ஒரு பக்கம் பெரும்பாலும் 4 கிலோபைட். சில பத்து பைட்டுகளே தேவைப்படும் இடத்தில் முழுப் பக்கம் கொடுப்பது வீண். ஒரே அளவுள்ள பொருள்களைப் பக்கங்களில் அடுக்கி, விடுவிக்கப்பட்டவற்றை மீண்டும் வழங்கும் முறையை ஜெஃப் பான்விக் சோலாரிஸ் இயங்குதளத்துக்காக வகுத்து 1994இல் வெளியிட்டார். லினக்ஸின் ஸ்லாப் இதைப் பின்பற்றியது. மிகக் குறைந்த நினைவகமுள்ள கருவிகளுக்கென மாட் மெக்கால் எழுதிய ஸ்லோப் 2006இல் சேர்ந்தது. கிறிஸ்டோஃப் லாமீட்டரின் ஸ்லப் 2007இல் வந்து, அவ்வாண்டே இயல்புத் தேர்வானது.

காரணங்கள்

எந்த ஒதுக்கி வேண்டும் என்பது கெர்னலைத் தொகுக்கும்போதே முடிவானது. ஆகவே ஒவ்வொரு புதிய வசதியையும் மூன்றிலும் எழுதிச் சோதிக்க வேண்டியிருந்தது. நிகழ்நேர கெர்னலோ ஸ்லப்புடன் மட்டுமே இயங்கியது. ஸ்லோப்பின் குறை பிற நிரல்களையும் கட்டுப்படுத்தியது: தனி கேஷிலிருந்து (ஒரே அளவுப் பொருள்களின் தொகுப்பிலிருந்து) பெற்ற பொருளின் அளவை அது குறித்துவைக்கவில்லை. அதனால் அத்தகைய பொருளைப் பொது விடுவிப்புச் செயற்கூறான கே-ஃப்ரீயிடம் ஒப்படைக்க இயலவில்லை.

நீக்கம்

இரண்டுமே முதலில் வழக்கொழிந்தவையாக அறிவிக்கப்பட்டன. பயன்படுத்துவோர் மாறிக்கொள்ளவும் மறுப்புச் சொல்லவும் இந்த இடைவெளி உதவியது. 6.2 பதிப்பில் ஸ்லோப் இந்நிலையை அடைந்தது. சிறு கருவிகளுக்கு மாற்றாக, ஸ்லப்பின் நினைவகச் செலவைக் குறைக்கும் தேர்வு ஒன்று அதே பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஸ்லோப் 6.4இல் நீங்கியது. ஸ்லாப் 6.5இல் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டு, 2024 மார்ச்சில் வெளியான 6.8இல் நீங்கியது. அதன் முதன்மைக் கோப்பு மட்டுமே ஏறத்தாழ 4,000 வரிகள் கொண்டது.

விளைவுகள்

கே-ஃப்ரீ எல்லாப் பொருள்களுக்கும் பொதுவானது. ஒதுக்கீடு, விடுவிப்புச் செயற்கூறுகள் ஸ்லப்பின் கோப்புக்கே இடம்பெயர்ந்ததால், கம்பைலர் அவற்றை ஒன்றிணைத்து வேகப்படுத்த வழி பிறந்தது. ஒவ்வொரு சிபியுவுக்கும் தயார்நிலைப் பொருள்களைத் தனித்தனியே சேர்த்துவைப்பது ஸ்லாப்பின் சிறப்பாக இருந்தது. அதையொத்த 'ஷீவ்ஸ்' அடுக்கு 2025இல் 6.18 பதிப்பின் ஸ்லப்பில் சேர்ந்தது. இம்முறை அதை ஒரே ஒதுக்கியில் எழுதினால் போதுமானதாக இருந்தது.