எட்டாம் வாரமும் ஐந்தாம் மாதமும்

என் அக்காவுக்கு எட்டாவது வாரத்தில் கரு கலைந்தது. என் நாத்தனாருக்கு ஐந்தாம் மாதம், இருபதாவது வாரத்தில். நடுவில் மூன்று வருட இடைவெளி. ஆனாலும் பார்க்க வந்தவர்கள் இருவரிடமும் சொன்னது ஒன்றேதான்: "கலைஞ்சிடுச்சுன்னு மனசை விட்டுடாதம்மா. ஆறு மாசம் உடம்பைத் தேத்திக்க, அப்புறம் பாத்துக்கலாம்." அன்போடு சொன்ன சொல்தான். ஆனால் 'கலைஞ்சிடுச்சு' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு சம்பவங்கள் கிடந்தன. அடுத்த குழந்தைக்கு முயல்வதற்கு முன் இருவரோடும் டாக்டரிடம் துணைக்குப் போனவள் நான். அங்கே கேட்கப்பட்ட கேள்விகளே வேறுவேறு.

அக்காவின் ஓபி பத்து நிமிடத்தில் முடிந்தது. கலைந்ததை பயாப்ஸிக்கு அனுப்பினார்களா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். முத்துப்பிள்ளை கர்ப்பமாக இருந்தால் விஷயமே வேறு. அதில் கருவுக்குப் பதிலாக நஞ்சுக்கொடித் திசு திராட்சைக் கொத்துபோல வளர்ந்துவிடும். வெளியே பார்க்கச் சாதாரணக் கருச்சிதைவு மாதிரியே இருக்கும். சுத்தம் செய்த பிறகும் மிச்சத் திசு மறுபடி வளரலாம் என்பதால் பீட்டா எச்.சி.ஜி அளவு இறங்குகிறதா என்று மாதக்கணக்கில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இதற்கிடையில் கருத்தரித்தால் அதே அளவு கர்ப்பத்தாலும் ஏறும். எது குழந்தை, எது ஆபத்து என்று பிரித்துப் பார்க்க வழியிருக்காது. பொறுத்திருக்கச் சொல்வதற்கு இவ்வளவு தெளிவான காரணம் உள்ள சந்தர்ப்பங்கள் குறைவு. அக்காவின் ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் இல்லை.

பிறகு ரத்த வகை நெகட்டிவா, நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி போட்டார்களா, தைராய்டு, சர்க்கரை, ரூபெல்லா தடுப்பூசி. கடைசியாகச் சீட்டில் ஃபோலிக் அமில மாத்திரை. குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஆதாரமான நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய், டெஸ்ட் பார்த்து, டாக்டரிடம் போவதற்குள் அந்த வேலை ஏறக்குறைய முடிந்திருக்கும். அதனால்தான் அந்த மாத்திரை முயற்சிக்கு முன்பே தொடங்க வேண்டியது.

வெளியே வந்ததும் அக்காவின் முகம் வாடிப்போனது. "இவ்ளோதானா? கரு நிக்கிறதுக்கு ஒரு ஊசிகூட எழுதலையே" என்றாள். அவள் ஏமாற்றம் எனக்குப் புரிந்தது. ஒரு குழந்தை போயிருக்கிறது. சீட்டிலோ ஒரு மாத்திரை. ஆனால் டாக்டர் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் எண்ணிக்கையில் ஒன்று கூடியோ குறைந்தோ உருவானவை. அந்தப் பிழை பப்பாளி தின்றதால் வருவதில்லை, ஸ்கூட்டியில் போனதாலும் இல்லை. பெரும்பாலும் அடுத்த முறை அது திரும்புவதும் இல்லை. 2021-இல் லான்செட் மருத்துவ இதழ் போட்ட கணக்குப்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடியே 30 லட்சம் கருச்சிதைவுகள்; அறியவந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பதினைந்து. கரு கலைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த கர்ப்பம் தானாகவே நிற்கிறது. அக்கா கேட்ட ஊசியின் கதையும் அப்படித்தான். பிரிட்டனில் 4,153 பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான பிரிஸம் ஆய்வில், ஏற்கெனவே கரு கலைந்து, இந்த முறையும் ரத்தக் கசிவு கண்டவர்களுக்குத்தான் புரோஜெஸ்டிரோன் பலன் தருவதாகத் தெரிந்தது. கசிவு மட்டும் இருந்தவர்களுக்கு இல்லை. மாதக்கணக்கில் கட்டிலில் படுத்திருப்பதால் கரு நிற்கும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது.

நாத்தனாரோடு போன நாள் வேறு மாதிரி இருந்தது. அவளுடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் நடந்ததைப் பற்றி ஒரே வரி: இருபது வாரத்தில் தானாகக் கரு கலைந்தது. டாக்டர் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, "முதல்ல என்ன ஆச்சு? வலி வந்துச்சா, தண்ணி போச்சா, ரத்தம் பட்டுச்சா? காய்ச்சல் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"வலியே இல்ல டாக்டர். ரெண்டு நாளா இடுப்பு லேசா இழுத்துச்சு. பாத்ரூம் போனப்ப கீழ ஏதோ கனமா இறங்குற மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துடிப்பு இருந்துச்சா?"

"கடைசி வரைக்கும் இருந்துச்சு."

இந்த வரிசையை இதற்குமுன் அவளிடம் யாருமே கேட்டதில்லை. வலியில்லாமல் வாய் திறந்து, உயிரோடு இருந்த சிசு வெளியேறியிருந்தால் கர்ப்பப்பை வாய் பலவீனமோ என்று பார்க்க வேண்டும். காய்ச்சலும் வாடையுமாக இருந்தால் கிருமித்தொற்று. ரத்தம் முதலில் கொட்டியிருந்தால் நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்ததா என்று. துடிப்பு முன்பே நின்றிருந்தால் தேடல் வேறு திசையில் போகும்: குரோமோசோம், சர்க்கரை, ரத்த உறைவுக் கோளாறு. பத்து வாரம் தாண்டி, உருவக் குறை இல்லாத சிசு ஒரே ஒரு முறை இறந்தாலே ஆன்டிபாஸ்போலிப்பிட் ரத்தச் சோதனை செய்யக் காரணம் உண்டு. அந்த உறைவுக் கோளாறு இருந்தால் ஆஸ்பிரினும் ஹெபாரினும் உதவும். அக்காவைப் போல எட்டாம் வாரத்தில் ஒருமுறை போனதற்கு இந்தச் சோதனையே வேண்டியதில்லை.

கர்ப்பப்பை வாயில் தையல் போடுவது நம் ஊரில் பலருக்கும் தெரிந்த சங்கதி. அதில் ஒரு முறை உலகமெங்கும் ஷிரோட்கர் தையல் என்று ஒரு இந்தியர் பெயரில் வழங்குவது அவ்வளவாகத் தெரியாது. பம்பாய் மகப்பேறு மருத்துவர் வி. என். ஷிரோட்கர், நடு மாதங்களில் திரும்பத் திரும்பக் குழந்தையை இழந்த பெண்களுக்காக இந்த முறையை வகுத்து 1955-இல் எழுதினார். அதை வெளியிட்டது, சென்னையில் யு. ராமராவ் தொடங்கிய 'ஆன்டிசெப்டிக்' மருத்துவ இதழ். முதலில் தையலுக்கு அவர் எடுத்துக்கொண்டது அந்தப் பெண்ணின் தொடையிலிருந்தே பிரித்த சவ்வுப் பட்டை. 1957-இல் மெல்போர்னின் மெக்டொனால்ட் இன்னும் எளிய தையலைச் சொன்னார். இன்று அதிகம் போடப்படுவது அதுதான்.

ஆனால் ஒருமுறை போனதாலேயே எல்லோருக்கும் தையல் இல்லை. அடுத்த கர்ப்பத்தில் பதினாறாம் வாரத்திலிருந்து வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்து, 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் போடலாம் என்றார் டாக்டர். கர்ப்பப்பைக்குள் நடுத்தடுப்பு ஏதும் இருக்கிறதா என்று இப்போதே ஒரு ஸ்கேன். சொந்தத்தில் கல்யாணமா என்றும் கேட்டார். ஐந்தாம் மாதத்து அனாமலி ஸ்கேனில் குறை தெரிந்து கருவை எடுத்திருந்தால் அந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடும். மரபணு ஆலோசனை வேண்டிவரும். நரம்புக்குழாய்க் குறை என்றால் ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம், மற்றவர்கள் எடுப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல். 4 மில்லிகிராம் அளவே, குறை திரும்புவதை 72 சதவீதம் தடுத்ததாக 1991-இல் பிரிட்டிஷ் ஆய்வொன்று காட்டியது.

அந்த 'ஆறு மாசம்' எங்கிருந்து வந்தது? உலக சுகாதார அமைப்பு 2005-இல் கூட்டிய நிபுணர் குழு, கருச்சிதைவுக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் விடச் சொன்னது. 2010-இல் ஸ்காட்லாந்தில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்தபோது, ஆறு மாதத்துக்குள் மறுபடி கருத்தரித்தவர்களுக்குக் கெடுதல் ஏதும் காணவில்லை. பலன் சற்று நன்றாகவே இருந்தது. ஆகவே அக்காவுக்கு ஒரு மாதவிடாய் வந்து, மனசும் தயாரானால் போதும் என்றார் டாக்டர். நாத்தனாருக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. எதையும் விட்டுவிடாமல் பார்க்க அவளுக்கும் எழுதிய ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனையைப் பன்னிரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை செய்தால்தான் முடிவு சொல்ல முடியும். நாட்காட்டியைப் பார்த்து எல்லோருக்கும் ஒரே கெடு சொல்வதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

எனக்குக் கோபம் வருவது ஒன்றில்தான். நம் வீடுகளில் எட்டாம் வாரத்தில் போனதற்கு ஊசி, படுக்கை, ஜாதகம் என்று அலைகிறோம். ஐந்தாம் மாதத்தில் போனதை விதி என்று மூடிவிடுகிறோம். பின்னதில்தான் கண்டுபிடிக்கவும் தடுக்கவும் நிறைய இருக்கிறது. அதோடு, காகிதங்களையும் துக்கத்தில் தூக்கிப் போட்டுவிடுகிறோம். நாத்தனாரின் ஸ்கேன் படங்களை மாமியார் பீரோ அடியில் ஒளித்து வைத்திருந்தார், அவள் கண்ணில் படக் கூடாதென்று. எடுத்துப் பார்த்தால் வழவழப்பான அந்தத் தாளில் பாதி வெளிறியிருந்தது. தேதியும் வாரக் கணக்கும் இருந்த மூலையை மட்டும் டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

அக்காவின் சீட்டில் கடைசி வரி: நாள் தள்ளினால் எட்டாம் வாரம் ஸ்கேனுக்கு வரவும். நாத்தனாரிடம் டாக்டர் வாயால் சொன்னார்: "டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்த அன்னைக்கே வந்துடும்மா. இந்த ஃபைலையும் எடுத்துட்டு வா." திரும்பி வரும் வழியில் ஜெராக்ஸ் கடையில் நிறுத்தச் சொன்னாள். "அண்ணி, எல்லாத்தையும் ரெண்டு செட் எடுத்துக்கலாமா?"