அக்குசாத்தீவுஸ் (இலத்தீன் இலக்கணச் சொல்)

அக்குசாத்தீவுஸ் என்பது தமிழின் இரண்டாம் வேற்றுமைக்கு ஈடான இலத்தீன் வேற்றுமையைக் குறிக்கும் பெயரடை ஆகும். இதன் நேர்ப்பொருள் 'குற்றம் சாட்டுகிற' என்பது. 'வீட்டைக் கட்டினான்' என்ற தொடரில் குற்றமும் இல்லை, சாட்டுதலும் இல்லை. அப்படியிருக்க இப்பெயர் வந்த வழி வியப்புக்குரியது.

உரோமர் இலக்கணக் கலையைக் கிரேக்கரிடமிருந்து பெற்றனர். கிரேக்கத்தில் இவ்வேற்றுமைக்கு ஐத்தியாத்திக்கே என்று பெயர். அதன் வேரான 'ஐத்தியா' என்னும் சொல்லுக்குக் காரணம், குற்றச்சாட்டு என இரு பொருள் உண்டு. கட்டுதல் காரணம், வீடு அதன் விளைவு. எனவே 'காரணத்தால் விளைந்ததைக் குறிப்பது' என்பதே கிரேக்கர் கருதிய பொருள் என்பர். உரோமர் மற்றப் பொருளை எடுத்துக்கொண்டனர். வார்ரோ (கி.மு. 116–27) இதனைக் 'குற்றம் சாட்டும் வேற்றுமை' என்றே எழுதினார். கி.பி. 500ஐ ஒட்டி வாழ்ந்த பிரிசியன், 'காரண வேற்றுமை' என்ற பொருள்படும் கௌசாத்தீவுஸ் என்னும் மாற்றுப் பெயரையும் தந்தார். இது மொழிபெயர்ப்புப் பிழை என்று 1836இல் செருமானிய அறிஞர் திரெண்டலன்பர்க் வாதிட்டார். அறிஞர் அனைவரும் இதனை ஏற்பதில்லை.

வார்ரோவுக்குக் கிரேக்கம் தெரியாது என்று முடிவு கட்டுவது அவசரம். குற்றம் சாட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையான அக்குசாரே, 'கௌசா' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. கௌசாவுக்கும் காரணம், வழக்கு என இரு பொருள் உண்டு. கிரேக்கச் சொல்லின் இரட்டைப் பொருள் இலத்தீனிலும் ஓரளவு ஒலிக்கத்தான் செய்கிறது.

இப்பெயரடை தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமைக்கு ஏற்பத் திரியும். ஆண்பாலில் அக்குசாத்தீவுஸ், பெண்பாலில் அக்குசாத்தீவா, அலிப்பாலில் அக்குசாத்தீவும். வேற்றுமையைக் குறிக்கும் 'காசுஸ்' ஆண்பாற்சொல் ஆதலால் காசுஸ் அக்குசாத்தீவுஸ் என்பதே வழக்கு. பெயரும் பெயரடையும் வெவ்வேறு திரிபு வகையைச் சேர்ந்தவை. ஆகவே 'வேற்றுமையின்' என்னுமிடத்தில் காசூஸ் அக்குசாத்தீவீ என ஈறுகள் மாறுபடும். மாணவர் தடுமாறும் இடம் இது. 'வேற்றுமையை' என்பது காசும் அக்குசாத்தீவும். இரண்டாம் வேற்றுமையின் பெயரே இரண்டாம் வேற்றுமை ஏற்கும் காட்சி!

கிரேக்கத்தில் இல்லாத ஒரு வேற்றுமை இலத்தீனில் உண்டு. மொழிபெயர்க்கக் கிரேக்கப் பெயர் கிடைக்காத அதனை, வார்ரோ தமிழர் எண்ணுவதுபோல் 'ஆறாம் வேற்றுமை' என்றார். தொல்காப்பியர் உருபையே பெயராக்கி 'ஐ' என்றார். 1716இல் சீகன்பால்க் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் செருமனியின் ஹாலே நகரில் அச்சானபோது, அந்த 'ஐ' உருபும் அக்குசாத்தீவுஸ் என்ற பெயரின்கீழ் வந்து சேர்ந்தது.