தகர வில்லையும் துண்டும்

கடன் அட்டையைக் கடையில் நீட்டும்போதெல்லாம் இலங்கை மலையகத்தின் தகர வில்லை என் நினைவுக்கு வருகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்களிடம் அது தரப்பட்டது. சேரவேண்டிய தோட்டத்தின் எண் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பின்னர் கங்காணி வழியாகத் தொழிலாளியின் கடனாகும்.

அக்கடனோடு வேறு தோட்டத்துக்குப் போகத் 'துண்டு' தேவைப்பட்டது. இன்ன தொகை கிடைத்தால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. புதிய தோட்டம் தொகையைச் செலுத்தும். கடனும் ஆளும் சேர்ந்தே கைமாறும். 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது.

இன்று அட்டை இயந்திரம் வாங்கும் வணிகர் வேகத்தைப் பார்க்கிறார். கட்டணம் கடைசியில் யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்ப்பது நலம் என்பேன்.